பூசையில் வைத்த துவக்கு

அண்ணை,

விரல் நுனியில் ஈரச் சந்தன வாசம் இன்னும் போகவில்லை. இன்று சரஸ்வதி பூசை. பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மத்தியானம் என் கார்த் திறப்பைத் தொட்டுக் காரையும் கிளப்பிவிட்டேன். பழி முழுக்க உங்கள் தலையில்தான்.

அந்தச் சட்டத்துக்கு உங்களைவிடப் பெரிய காவல்காரர் யார்? கனடாவில் உங்கள் அஜக்ஸ் வீட்டுச் சாமியறையில் ட்ரில் மெஷின், லப்டொப், தேங்காய் துருவும் துருவலை எல்லாம் வரிசையாக இருக்கும். நடுவில் உங்கள் துவக்கு! ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஃபக்டரிக்காரரோடு வடக்கே மான் வேட்டைக்குப் போவீர்கள். மான் இல்லாமல், தும்மலும் தடிமனுமாகத் திரும்பி வருவீர்கள். "மான் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தன். பாவமாக் கிடந்தது" என்பீர்கள். குறி தவறியது என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் பூட்டில் கண்டிப்பு. பெட்டியைப் பூட்டியபடிதான் பூசைக்கு வைப்பீர்கள். பொட்டும் பெட்டிக்குத்தான்.

உங்கள் மகள் துளசிக்குப் பதினாறு வயது நடந்த வருஷம், பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று ஒருநாள் பள்ளிக்கூட ஆலோசகரிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் துவக்கு இருப்பதையும் சொன்னாள். கொஞ்சக் காலத்துக்கு அவள் துவக்கைத் தொடக்கூடாது, அவள் இருக்கும் வீட்டில் துவக்கே இருக்கக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். அதை எடுத்துப்போக இரண்டு பொலிஸ் வந்தது, நாள் பார்த்தது போலப் பூசையன்று.

வேட்டியோடு சாமியறை வாசலை மறித்து நின்றீர்கள். "ஓபிசர், டுமோறோ மோர்ணிங். பூசை முடியட்டும்."

"சேர், இது கோர்ட் ஓர்டர்" என்றாள் பொலிஸ்காரி.

"ஓம், அது கோர்ட். இது சரஸ்வதி!"

பூசைக்கு வந்திருந்த உங்கள் தங்கச்சி எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஆயிற்றே என்று அவலையும் கடலையையும் நீட்டினேன். கூட வந்த தடித்த பொலிஸ்காரன் வாங்கி மென்றபடியே வயர்லெஸ்ஸில் மேலிடத்துக்கு விளக்கம் சொன்னான். துவக்கு இருக்கிறது, ஆனால் இப்போது அதைக் கும்பிடுகிறார்கள் என்று சொல்ல அவன் பட்ட பாடு! எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. 'விசர் மனுசா, பிள்ளையைவிட உந்த இரும்போ பெரிசு?' என்று கேட்க வாய் திறந்தேன்.

துளசி முந்திக்கொண்டாள். படிக்கட்டில் இருந்தபடி, பொலிஸைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து, "அப்பா, ப்ளீஸ், குடுத்திடுங்கோ. அது வீட்டில இருக்கிறது எனக்குப் பயமாயிருக்கு" என்றாள்.

வாசலை மறித்து விரித்திருந்த உங்கள் கை இரண்டும் தாழ்ந்துவிட்டன. நீங்களே உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கினீர்கள். "சாமி பொறுக்கும்" என்றீர்கள். "பிள்ளைக்குப் பொறுக்கேலாது." பெண்ணழைத்துப் போகிறவன் போல, பூ விழாமல் அதைக் காரில் ஏற்றினான் அந்தத் தடியன். நீங்கள் படிக்கட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதீர்கள். அவள்தான் உங்கள் முதுகைத் தடவினாள்.

உத்தரவுக் காலம் முடிந்தது. "போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன், அண்ணை" என்று சீண்டினேன்.

"இருக்கட்டும். மானுகளும் சந்தோசமா இருக்கட்டும்" என்றீர்கள். மான்கள் உங்களால் என்றைக்குத்தான் துக்கப்பட்டன? வேட்டைக்குப் போக வைத்திருந்த லீவில் அவளை ஆலோசகரிடம் கூட்டிப்போய், வெளியே காரில் தேத்தண்ணிப் போத்தலோடு காத்திருந்தீர்கள். மாரடைப்பு வந்து நீங்கள் போகும்வரை அந்தத் துவக்கு திரும்பி வரவேயில்லை.

இன்று மத்தியானம் யூனிவர்சிற்றியிலிருந்து துளசி ஃபோனில் கூப்பிட்டாள். "மாமி, இண்டைக்கு என்னால தனிய இருக்கேலாது. ட்ரெயின்ல வாறன். ஸ்டேஷனுக்கு வாறீங்களோ?"

திறப்பு மாலைக்கு அடியில் கிடந்தது. சரஸ்வதியைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காரில் ஏறியதும் சந்தன வாசத்தை மூக்கால் உறிஞ்சினாள். "மாமி, பூசையில வச்ச திறப்போ?"

"ஓம்."

"அப்பா இருந்தா கத்துவார்."

"கத்தமாட்டார்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது என் குசினியில் குந்தியிருந்து கடலை சாப்பிடுகிறாள். உப்புக் காணாது என்று குறை வேறு. திறப்பை நான் திரும்பப் பூசையில் வைக்கவில்லை, அண்ணை. சட்டைப் பையிலேயே கிடக்கிறது, சந்தனத்தோடு. அவள் எப்போது கூப்பிடுவாள் என்று யாருக்குத் தெரியும்?