துரை கொடுத்த காகிதம்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
18-6-1961

அன்புள்ள அசோகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் சுகம்தான், ஜபல்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்று கவலை. மனசுதான் சரியில்லை.

நம் ஏரியா நீ பார்த்தது போல இல்லை. முன்பெல்லாம் யார் வீடு என்று கேட்டால் எந்தத் துரையிடம் வேலை என்றுதான் சொல்வோம், விடிந்தால் தெருவே காக்ஸ் டவுன் பங்களாக்களுக்குப் போய்விடும். இப்போது எல்லாரும் பாக்டரி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். பங்களாக்களை வாங்கினவர்கள் காம்பவுண்டை உடைத்து, மனை மனையாக சைட் போட்டு விற்கிறார்கள். அப்பா வேலை பார்த்த நம் துரை பங்களாவைக் கோவிந்தப்பா என்கிறவர் வாங்கியிருக்கிறார். போன வாரம் வந்து, "காம்பவுண்டு ஒளகே இருக்கிற உங்க வீடும் சேத்துதான் ரிஜிஸ்டர் ஆயிருக்கும்மா, ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுங்க" என்று கன்னடம் கலந்து சொன்னார். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உன் அப்பா அசரவில்லை. துரை கப்பலேறப் போகும்போது வீடு உனக்குத்தான் என்று தோளில் கை வைத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே, பதினாலு வருஷமாகப் பிஸ்கட் டப்பாவில் இருந்த அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, பழைய பட்லர் கோட்டை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் தெரிந்த அடுத்த தெரு நோயல் சாரிடம் வாசித்துச் சொல்லக் கேட்டுப் போனார். நானும் போனேன். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். துரைமார் போகும்போது வேலைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிற நற்சான்றுதானாம் அது. வெங்கடசாமி நேர்மையானவன், குடிக்க மாட்டான், கட்லெட் நன்றாகச் செய்வான். அவ்வளவுதான், வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அன்றே துரையைக் கேட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "கேட்டா தொரைய நம்பலன்னு ஆயிடாதா" என்றார். இப்போதும் துரை வீட்டைப் பற்றி எழுத மறந்திருப்பார் என்கிறார்.

லீவு போட்டு வா, வேறு வீடு தேட வேண்டும். நீலசந்திராவில் ஒன்று இருப்பதாகச் சந்திரம்மா அத்தை சொன்னாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று கேட்டார், அசோகன் இங்கிலீஷ் படித்தவனாயிற்றே, அவன் எப்போதாவது அந்தக் காகிதத்தைப் பார்த்தானா என்று. நீங்கள்தான் யாரையும் தொட விட்டதில்லையே என்றேன். நீ எட்டாவது படிக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், அசோகா. அதற்குப் பிறகுதான் வேறு இடம் வாங்கலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்தாய். அவர் முகம் வாடிவிடுமே என்றுதான் நீ சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது, எனக்குக் கோபம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாமல் நீ வாழ வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போடு. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் அந்தக் காகிதத்தை நீ பார்த்ததே இல்லை என்று மறக்காமல் எழுது.

உன் அம்மா,
சின்னத்தாயி