மூடக் கூடாத இடைவெளி

மடல் எண்: 3
திருவேற்காடு, 14 ஜூன் 2025, சனிக்கிழமை, மாலை 4.10

அன்பு நண்பரே,

இப்போதும் கூடத்தில், வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை. என் வீட்டில் அந்தப் புட்டியே இல்லை. தினமும், நீங்கள் தூரிகை எடுக்கும் நான்கு பத்துக்கு வருகிறது. நான்கு நாற்பது வரை நீடிக்கிறது.

பூந்தமல்லியில் இடிக்கவிருந்த பழைய வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூங்கொடியை நீங்கள் ஓவியமாக்கியபோது, அளவெடுத்தவன் நான். அம்பத்தூர்த் தொழிற்சாலையில் வரைவாளனாக இருந்த கை. அரை மில்லிமீட்டர் பிசகாது. உங்கள் கித்தானிலோ ஓர் இலைகூட இல்லை. பச்சையும் கருப்புமாய்த் திட்டுகள்.

"கொடி எங்கே?" என்றேன்.

"எலைய எவன் வேணா வரைவான் அண்ணாத்தே. எலைக்கு நடுவுல கீற எடத்ததான் நான் வரையறேன்."

வலது மூலையில் விரலகல இடம் வெள்ளையாக நின்றது. மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மறக்கல. அத்த மூடிடாத. உள்ள போனவன் வெளிய வர வழி வோணாமா?" சிரித்தீர்கள். "உன் கை சும்மா இருக்காதே!"

இருக்கவில்லை. நீங்கள் மறைந்த நாற்பதாம் நாள், 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை (வியாழன் என்று எழுதி, நாட்காட்டி பார்த்துத் திருத்தினேன்), ஃபாத்திஹா முடிந்து திரும்பினேன். என் பொறுப்பில் விட்டிருந்த படத்தில் அந்த வெள்ளை கண்ணை உறுத்தியது. உங்கள் மிச்சப் பச்சையை எடுத்து, அளவுகோல் வைத்து, அடைத்துவிட்டேன். எட்டு மாதம் இருபத்தைந்து நாளாகியும் அது காயவில்லை. வாடையும் அன்றே தொடங்கியது.

நாளை உங்கள் மகள் படத்தை எடுத்துப்போக வருகிறாள். "இன்னா பெரியப்பா, அத்தாவோட கடைசிப் படம், அப்டியே கீதா?" என்று தொலைபேசியில் கேட்டாள். "அப்படியே இருக்கிறது" என்றேன். எழுபத்தாறு வயதில் ஒரு பொய்.

அதனால் இந்த மடலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வரைவுத்தாளைப் பச்சையின்மேல் அழுத்தி எடுத்தேன். மொத்தமும் தாளோடு வந்துவிட்டது; வெள்ளை மறுபடி திறந்தது. பச்சையின், கித்தானைத் தொட்டிருந்த பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே, உங்கள் கட்டைவிரலில் இருந்த அதே பழைய வெட்டுத் தழும்பு. உள்ளிருந்து அழுத்தியது போல.

மணி நான்கு இருபத்திரண்டு. வாடை நின்றுவிட்டது. நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை இன்றுதான் உணர்கிறேன்.

இணைப்பு:
1. மேற்படி வரைவுத்தாள்.
2. நான் செய்ததை ஒப்புக்கொண்டு உங்கள் மகளுக்கு எழுதிய கடிதத்தின் நகல்.

அளவுகோலை இணைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பச்சை இப்போது காய்ந்திருக்கிறது.