எழுதுவது யாரென்று சொல்லி வையுங்கள்

அமெரிக்கா, நவம்பர் 1979

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் சாலமோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நம் ஊரிகத்தில் குளிர் தொடங்கியிருக்கும். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

போன வாரம் ஒரு வேடிக்கை. காலேஜ் கம்ப்யூட்டரில் ப்ரொபசருக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். எந்த எடிட்டரில், அதாவது எழுத உதவும் எந்த புரோகிராமில், எழுதுவது என்று முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அது பழைய எடிட்டர் ஒன்றைத் திறந்துவிடும். அதற்குப் புரியாததை அடித்தால் கேள்விக்குறி மட்டும்தான் பதில். எனக்குக் கேள்விக்குறியாகவே வந்தது. பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டு, புது எடிட்டரின் பெயரை ஒரு வரியில் எழுதி வைக்கக் கற்றுக்கொடுத்தான். இனி எழுதக் கேட்கும் எந்தப் புரோகிராமும் அதையே திறக்கும்.

நம் வீட்டில் அப்படிச் சொல்லி வைக்க வேண்டியிருந்ததில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து "எய்துமே" என்பீர்கள், அம்மா பேனாவை எடுப்பார். "இன்னாடா, துன்னியா" என்று நீங்கள் கேட்டது அப்படியே கடிதத்தில் வரும். அம்மா போனபின் வந்த கடிதம் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கை. கடைசியாக வந்ததில் "உணவருந்தினாயா" என்றிருந்தது. அது நீங்கள் இல்லை அப்பா.

இதைப் படித்துக்காட்டும் பியாட்ரிஸ் அக்காவே இனி எழுதட்டும். சொல்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் பேனாவை அவரிடம் கொடுங்கள். விலாசம் எழுதிய உறைகள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

லேபுக்கு நேரமாகிவிட்டது. அக்கா இல்லாத நாளில் வேறு யாரையும் தேடாதீர்கள். கொக்கி மாதிரி ஒரு வளைவு, கீழே ஒரு புள்ளி. நீங்களே போட்டு அனுப்புங்கள். என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகன்,
சாலமோன்