மூன்றாவது இழுப்பில் ஓடிய மோட்டார்

அன்புள்ள உங்களுக்கு,

மாமாவும் நானும் ஏதோ நன்றாகவே இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. நீங்கள் கூப்பிட்டால், உங்கள் அப்பாவாயிற்றே, மாமா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

பாலத்தை மூடிவிட்டார்கள். பழுது பார்க்க ஒரு வருடம் ஆகுமாம். மூன்று வருடம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கண் ஆஸ்பத்திரி அக்கரையில். சுற்றிப் போகும் பஸ்ஸில் மாமாவை ஒருமுறை கூட்டிப் போய் வந்ததில் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் இடுப்பு நிமிரவில்லை. படகு இருக்கிறது. மோட்டார்தான் நீங்கள் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து ஷெட்டில் தூங்குகிறது. ஏழு வருடம் கிடந்தது இனிப் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்றேன். மாமா கேட்கவில்லை.

மெக்கானிக் வந்தார். வாய் ஓயாத மனிதர். பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருக்கும், பிஸ்டன் பிடித்திருக்கும், இரண்டு நாள் வேலை, சாப்பாடு உங்கள் வீட்டில்தானே என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார். நானும் லீவு போட்டுவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்களோடு ஷெட்டில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தேன்.

தார்ப்பாயைப் பிரித்து, கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. பிசின் இல்லை, வாடைகூட இல்லை. மாமாவுக்குத்தான் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறதே, அதைக் கையில் வாங்கி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். முகர்ந்தார். பிளக்கைக் கழற்றினால், சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு வைத்திருந்தது. தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் மட்டும் விறைத்துப் போயிருந்தது, மாற்றினார். மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்திக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஓடியது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை.

மெக்கானிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “என்னக்கா, ரெண்டு நாள் சோத்துல மண்ணு விழுந்திருச்சே” என்று சிரித்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்: “சீக்கிரம் வர்றவன் பெட்ரோல் டியூபைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிருவான், பெரியவரே. கடைசிச் சொட்டு வரைக்கும் எரியவிட்டு, எண்ணெய் ஊத்தி, கிரீஸ் தடவி... இப்படி வைக்கிறவன் லேசுல திரும்ப மாட்டான்.”

பாராட்டாகத்தான் சொன்னார்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்க ஷெட்டிலேயே இருந்தீர்கள். பெட்டியை நான்தான் கட்டினேன். ஆறு மாதம் என்றீர்கள். ஆறு மாதத்துக்கு வேண்டிய துணிதான் வைத்தேன்.

ஒரு கார்புரேட்டரை வைத்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. ஒரே ஒரு சான்று போதாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நீங்கள் எதையும் ஒழுங்காகச் செய்து முடிக்கிறவர், அதனால்தான் என்று மாமாவிடம் சொன்னேன். “அவனா ஒழுங்கா முடிக்கிறவன்?” என்றார்.

கண் ஆபரேஷனை ‘அவன் வரட்டும்’ என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது உங்களுக்குத் தெரியும். இனியும் தள்ளினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோதுகூட அசையவில்லை. மோட்டார் ஓடிய அன்று சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, “தேதி வாங்கிடும்மா” என்றார். வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் முதல் வாரம். படகை நான்தான் ஓட்ட வேண்டும். கல்லூரி விட்டு வந்ததும் கரையோரமாக ஓட்டிப் பழகுகிறேன். தோள் இரண்டும் விண்ணென்று வலிக்கிறது.

எனக்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். படிக்கத் தெம்பில்லை. வருவதானால் அவர் கண்ணில் கட்டுப் போடுவதற்கு முன் வந்துவிடுங்கள். வருவதில்லை என்றால் அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். இந்த முறை, லீவு கிடைக்கவில்லையாம், அடுத்த வருடம் நிச்சயமாம் என்று உங்களுக்காக நான் பேசப் போவதில்லை.

இப்போது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பேனா ஓடும் சத்தம் கேட்டிருக்கும். யாருக்கு என்று கேட்கவில்லை. “நல்லா இருக்கச் சொல்லு” என்றார்.

எப்போது வருகிறான் என்று கேட்கச் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
நான்