பனிக்கிணற்றின் முத்திரை

நாள் 212, 06:00. நிலா, தென்முனை
பதிவு: ஜெசிந்தா கொரேரா, உடன்படிக்கைக் கண்காணிப்பாளர். ஊர் தூத்துக்குடி. இங்கே இருப்பது நான் ஒருத்திதான். பனிக்கிணற்றின் மூடியில் ஒட்டிய காகித முத்திரை கிழியாமல் இருக்கிறது. ஆக்சிஜன் 31 நாளுக்கு. எதுவும் நடக்கவில்லை, எதுவும் நடக்காமல் பார்ப்பதுதான் என் வேலை.

நாள் 219, 14:20
மேசையில் டீ டம்ளர் கிடுகிடுவென ஆடியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோர்வா நாட்டின் தானியங்கித் துளைப்பான் முத்திரையைக் கிழித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. இந்தப் பனி ஏழு நாட்டுக்கும் பொது, யாரும் தொடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவர்களும் உண்டு! படமெடுத்து ஏழு தலைநகரங்களுக்கும் அனுப்பிவிட்டேன். என்னிடம் துப்பாக்கி இல்லை, போலீஸ் இல்லை. வாய் இருக்கிறது.

நாள் 226, 11:05
கோர்வாவின் பதில்: “எங்கள் இறையாண்மையில் தலையிட வேண்டாம்.” திருடனுக்கு ரோஷம் வேறு.
மற்ற ஆறு நாடுகளும் ஒன்று செய்தன. வழியிலுள்ள எரிபொருள் நிலையங்கள் அவர்களுடையவை. நிலாவுக்குக் கிளம்பியிருக்கும் கோர்வாவின் கப்பலுக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று அடைத்துவிட்டார்கள். துளைப்பானின் அலகு, அதாவது துளைக்கும் முனை, சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்று அலகு அந்தக் கப்பலில் இருக்கிறது.
என் ஆக்சிஜனும் அதே கப்பலில். இந்த முறை கொண்டுவர வேண்டியது கோர்வா. அடுத்த நாட்டின் கப்பல் நாள் 260-இல் வரும். எனக்கு 243 வரைதான்.

நாள் 238, 16:40
கப்பலிலிருந்து:
“அக்கா, இத்ரீஸ் பேசுறேன், காயல்பட்டினம். கப்பல ஓட்டுறது நான்தான். அபாய மணிய ஒரு தடவ அமுக்குங்க. உயிருக்கு ஆபத்துன்னா, காப்பாத்தப் போற கப்பலுக்கு எல்லாரும் எரிபொருள் கொடுத்தே ஆகணும். அதுவும் சட்டம்தானேக்கா. மூணு நாள்ல உங்க வாசல்ல நிப்பேன்.”
“அந்த அலக எறக்கி வச்சுட்டு வருவியா தம்பி?”
“அரசாங்கக் கப்பல்க்கா. ஒரு திருகாணியக்கூட நான் தொட முடியாது.”
நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. என் உயிரைச் சாவியாக்கி ஆறு கதவையும் திறக்கப் பார்க்கிறார்களே, அவர்கள்மேல்தான் வயிறு எரிகிறது.

நாள் 241, 08:00
ஆக்சிஜன் இரண்டு நாளுக்குக் கீழே போனால் அபாய மணி தானாகவே அடிக்கும். ஆறு நாடுகளும் செய்தி அனுப்பின: “நீங்கள் கேட்டால் திறக்கிறோம்.”
பயமாக இருக்கிறது. கொஞ்சம் அழுதேன். பிறகு ஸ்பானரை எடுத்து மணியை அடித்து நொறுக்கினேன்.
எல்லோருக்கும் அனுப்பியது: “நான் உதவி கேட்கவில்லை. கேட்டதாக யார் சொன்னாலும் பொய். திறக்காதீர்கள்.”
இத்ரீஸ்: “யா அல்லாஹ்... ஏங்க்கா இப்புடி?”

நாள் 243, 09:10
டம்ளர் ஆடவில்லை.
அரைமணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீயில் ஒரு சுழிகூட இல்லை. அலகு தேய்ந்து நின்றுவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்தேன், மூச்சு வீணானாலும் போகட்டும்.

நாள் 243, 10:35. விண்ணுடையிலிருந்து, குரல் பதிவு
துளைப்பானை உள்ளே விட்டு, மூடியைச் சாத்திப் புது முத்திரை ஒட்டியாயிற்று. எண் இரண்டு. கோணலாக இருக்கிறது. சிலிண்டரில்... ஆறு நிமிடம்.
வெறும் தாள்தான். யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம்.
கிழிக்க வருகிறவரே, முதலில் என்னைத் தள்ள வேண்டும். மூடிமேல்தான் உட்கார்ந்திருக்