பரீட்சைக்குப் போகத்தான் போகிறேன்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் வீட்டையே திட்டிக்கொண்டு ஏறுகிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ புகுந்து பேசுவாய், நான் சத்தம் போடுவேன், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ ஒன்றும் செய்ய முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். போன கடிதத்தில் நீ, கடையில உன்னால பெரிய ரகளையாமே, இந்த வயசுல எதுக்கும்மா இங்கிலீஷ் பரீட்சை, பேசாம விட்டுடு என்று எழுதியிருந்தாய். அப்பா உன்னிடம் எப்படி ஓதினாரோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை உனக்குத் தெரியும். வருகிறவர்களிடம் பேரைக் கேட்டு நான் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பேன், முதலாளி எடுத்துக் கணீரென்று கூப்பிடுவார், அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுப் பவர் பார்ப்பேன். இந்தப் பரீட்சைக்கான சொற்களோ லேசில் மண்டையில் ஏறவில்லை. ஒரு வாக்கியம் கொடுத்து நடுவில் கோடு போட்டிருப்பான், கீழே ஐந்து சொல், ஐந்துமே முன்பின் பார்த்திராத முகம். மனப்பாடம் பண்ணினால் மறுநாள் காலையில் எல்லாம் கழன்று போயிருக்கும். அதனால் ஒரு வழி பண்ணினேன். நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சொல்லாகக் கொடுத்துவிட்டேன். வாய் ஓயாத மாடிவீட்டு அம்மாள் காருலஸ், எதைக் கேட்டாலும் ம் என்கிற உன் அப்பா லாகோனிக். அதன்பிறகு பார், ஒரு சொல்லும் மறக்கவில்லை. எதையெடுத்தாலும் குறை சொல்லும் வக்கீல் ஒருத்தர் வருவார், ஃபேன் காற்று பலம் என்பார், நிறுத்தினால் புழுக்கம் என்பார். அவருக்கு குவெருலஸ் என்று வைத்திருந்தேன், சதா குறைபட்டுக்கொள்கிற ஆள் என்று அர்த்தம். போன வாரம் அவர் வந்தபோது கூட்டம் நெரிந்தது, கை தன் பாட்டுக்குப் பேர் எழுதுகிற இடத்தில் அந்தச் சொல்லை எழுதிவிட்டது. முதலாளி ஏதோ வெளியூர்க்காரர் பேர் போல இருக்கிறது என்று நினைத்து, குவெருலஸ் சார், குவெருலஸ் சார், உள்ளே வாங்க என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். வக்கீலுக்குச் சொல்லும் தெரியும், வரிசையில் அடுத்தது தான்தான் என்பதும் தெரியும். எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்து, யார் எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதன் பிறகு அவர் அரை மணி நேரம் குறை சொன்னார், என்னைப் பற்றி, கடையைப் பற்றி, நாற்காலியைப் பற்றி, வாசல் படிக்கட்டைப் பற்றி. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலிருந்தவர்களும் அன்றைக்குத் தெரிந்துகொண்டு போனார்கள்.

சிரித்துவிட்டாயா, சிரி. தப்பு என்னுடையது, அவரிடம் மனசார மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவரும் முணுமுணுத்துக்கொண்டே கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போனார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. முதலாளி விடவில்லை. இந்தப் படிப்புதான் எல்லாத்துக்கும் காரணம், பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம், அன்னிக்கு லீவும் கிடையாது என்றார். லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்றைக்கு நான் கடைக்கு வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம், அந்தப் பயத்தில்தான் உன்னைத் தூது விட்டிருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் போவேன்.

ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். பட்டப்படிப்பு படித்தவர்கள்தான் பவர் சீட்டில் கையெழுத்துப் போடலாம் என்று ஆனதிலிருந்து, நான் பார்த்து எழுதுகிற ஒவ்வொரு சீட்டும் அடுத்த அறைக்குப் போகிறது, அங்கே சின்ன டாக்டரம்மா கையெழுத்துப் போடுகிறாள். அவள் நல்ல பெண், அவளைக் குற்றம் சொல்லவில்லை. போன மாதம் ஒரு குழந்தை, கரும்பலகையே தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தை, கண்ணாடி போட்டதும் எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தது. அதன் அம்மா அழுதுவிட்டாள், சீட்டில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கு என்ன. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு என் டிப்ளமாவை ஏற்றுக்கொள்கிறார்கள், இந்தப் பரீட்சையில் மார்க் வந்தால் இடம் உண்டு. நான் பார்த்த பவருக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை, அதை யாருக்காகவும் விடமாட்டேன்.

ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பொழுதும் போக வேண்டாமா. நான் படிக்க உட்கார்ந்துவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா என்ன பண்ணுவார் என்று கேட்டிருந்தாய். அந்த மனுஷனுக்கு இரண்டு கை இருக்கிறது, அடுப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியும், அங்கே நின்றுதான் தினமும் உப்பு போதவில்லை என்று சொல்கிறார். பிடிவாதம் என்று எழுதியிருந்தாய். அதற்கு என் பாடத்தில் ஆப்ஸ்டினேட் என்று வைவதற்கு ஒன்றும் டெனேஷியஸ் என்று மெச்சுவதற்கு ஒன்றுமாகச் சொல் இருக்கிறது, இன்னொரு தடவை எழுதும்போது எது என்று தெளிவாக எழுது.

உனக்குத் தலைவலி என்று மருமகள் சொன்னாளே, அலட்சியமாக இருக்காதே, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிற கண், உடனே பவர் பார்த்துக்கொண்டு சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அவளையும் அழைத்துப் போ. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பிடும் நேரத்துக்குள் சமாதானமாகி, நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் எப்போதும் வேண்டிக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பரீட்சை. நீ அந்த ஊருக்குப் படிக்கப் போக இதே மாதிரிப் பரீட்சையைத்தான் எழுதினாய், முதல் தடவை மார்க் வரவில்லை, சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய், அப்போது உன்னை யாரும் விடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை நீ உள்ளே எழுதி முடித்து வருகிறவரை நான் வெளியே வெயிலில் நின்றேன். என் பரீட்சைக்கு நீ வந்து நிற்க முடியாது, தூரம், எனக்குத் தெரியும், அதை நான் கேட்கவும் இல்லை. குறுக்கே மட்டும் நிற்காதே, கண்ணா.

இப்படிக்கு,
சனிக்கிழமை பரீட்சை எழுதப்போகும்
உன் அம்மா