மூன்று வருடத்துக்கு ஏறாத விலை

22 ஏப்ரல் 2008, மல்கிரேவ்

கழுத்தில் கொம்பனி அட்டை தொங்க ஒருவன் வாசலில் வந்து நின்றான். மூன்று வருடத்துக்குக் காஸுக்கும் கறண்டுக்கும் விலை ஏறாதாம். கையெழுத்து வைத்தேன். ரெலிபோனுக்கு மாதம் ஒரே காசுதானே கட்டுகிறேன், இதுவும் அப்படித்தான். இந்த நாட்டில் ஜூனில் குளிர்காலம்; இனி அதற்குப் பயந்து கம்பளிக்குள் சுருண்டு கிடக்கத் தேவையில்லை. என் முழங்காலுக்குச் சூடு வேண்டும்.

பின்னறையில் வாடகைக்கு இருக்கிற கமலினியிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளை. போன ஓகஸ்டில் வந்தவள். காஸ், கறண்ட் எல்லாம் வாடகைக்குள் அடக்கம்.

"பேப்பரை வடிவா வாசிச்சனீங்களோ அன்ரி?" என்றாள்.

எனக்கே பாடம்! முப்பது வருடம் கொழும்பில் கிளார்க்காக இருந்தவள் நான்.

3 ஜூன்

காஸ் ஹீற்றர் இருபத்தைந்து டிகிரியில். இரவும் பகலும். எல்லா அறைகளின் தரைத் துவாரங்களாலும் சூட்டுக் காற்று. குசினியில் வெறுங்காலோடு நின்று சமைக்கிறேன். ஆகா!

8 ஜூலை

காஸ் பில். நாசமாய்ப் போவார்! போன வருடம் இதே காலத்துக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. மாறாத விலையாம், மாறாத விலை.

9 ஜூலை

கொம்பனிக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒருத்தி பேச வந்தாள். மாறாதது ஒரு யூனிற்றின் விலைதானாம், பில் இல்லையாம். எத்தனை யூனிற் எரிக்கிறோமோ அத்தனைக்கும் கட்ட வேண்டும். அடுப்பே மூட்டாவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று இணைப்புக் கட்டணம் வேறு. விட்டுவிட்டு வேறு கொம்பனிக்குப் போகிறேன் என்றேன். இடையில் முறித்தால் தண்டமாம். கள்ளக் கூட்டம்!

போனை வைத்த பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனிக்குக் கட்டுப்பாட்டு விலை என்றால் அது றாத்தலுக்குத்தான். மூட்டையாய் அள்ளிக்கொண்டு ஒரு றாத்தல் காசைக் கொடுக்க விடுவானா? இது தெரியாமலா கையெழுத்து வைத்தேன்? விசரி.

சரி, எரித்தது யார்? போன வருடம் இந்த நேரம் நான் தனியே. இப்போது அவளும் இருக்கிறாள். வேறென்ன கணக்கு வேண்டும்?

12 ஜூலை

கேட்டுவிட்டேன். வேலையால் வந்தவளைச் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை.

"நான் ஹீற்றர் பாவிக்கிறேல்லை அன்ரி. அந்தக் காத்துக்கு எனக்கு மூக்காலை ரத்தம் வரும்."

"உன்ரை அறைக்குள்ளையும் அதே காத்துத்தானே ஊதுது!"

"நான் அதை மூடி வைச்சிருக்கிறன்."

பொய். கண்ணைப் பார்த்துக்கொண்டு பச்சைப் பொய். "அரைவாசியைக் கட்டு, இல்லாட்டி வேறை இடம் பார். தெருவிலை நிண்டதுகளைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளை விட்டது என்ரை பிழை" என்றேன். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அதுதான் இன்னும் கொதிக்கிறது.

19 ஜூலை

போய்விட்டாள். மேசையில் ஒரு உறை, அதற்குள் பில்லின் அரைவாசிக் காசு. குற்றமில்லாதவள் ஏன் கட்டுகிறாள்? ஸ்பிரிங்வேலில் யாரோ வீட்டுப் பின்பக்கமாம். போகட்டும்.

27 ஜூலை

அவளின் அறையைக் கூட்டினேன். கட்டிலை இழுத்தால், தரையில் சூடு வருகிற துவாரம் மூடியிருக்கிறது. மேலே தடித்த ஒட்டு நாடா. நாடாவின் மேல் தூசி.

போகிற அன்று ஒட்டியிருப்பாள். என்னைக் குத்திக்காட்ட.

தூசி? — கூட்டும்போது பறந்து படிந்திருக்கும்.

4 ஓகஸ்ட்

ஹீற்றர் இருபத்தைந்தில்தான். அவள் இல்லை, இனி எனக்கேன் பயம்? வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒருவரோடும் கதைக்கவில்லை.

9 செப்டெம்பர்

பில். ஒவ்வொரு பில்லுக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு எரித்தேன் என்று கொம்பனிக்காரன் பக்கத்தில் பக்கத்தில் கட்டை கட்டையாய்ப் படம் கீறியிருக்கிறான். அவள் முழுக்க இருந்த காலத்துக் கட்டையும் பத்து நாள் மட்டும் இருந்த காலத்துக் கட்டையும் ஒரே உயரம். அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டும் பார்த்தேன்.

நான்தான். முழுக்க நான்.

எடியே அன்னம்மா, அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாய் நீ? தெருவில் நின்றதா?

13 செப்டெம்பர்

விலாசம் விசாரித்து, அவள் வைத்துவிட்டுப் போன உறையை எடுத்துக்கொண்டு ஸ்பிரிங்வேல் போனேன். கராஜை மறித்துக் கட்டிய அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை. சுவர் ஈரம்.

"வாங்கோ அன்ரி. கதிரையிலை இருங்கோ" என்றாள். மூலையில் கிடந்த இரண்டு கம்பிக் கறண்ட் ஹீற்றரை இழுத்து, என் முழங்காலுக்கு நேரே வைத்துப் போட்டாள். இந்த வீட்டில் கறண்டுக்கு அவள் தனியாகக் கட்டுகிறாள்.

"பிள்ளை, ரண்டாவது பில்லும் வந்திட்டுது. எரிச்சது நான்தான்."

"ஓம் அன்ரி. தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே அன்ரி."

உறையைக் கட்டிலில் வைத்தேன். நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வா, வாடகையே வேண்டாம் என்றும் சொன்னேன். "இல்லை அன்ரி, இஞ்சை எனக்குச் சரி" என்றாள். கோபமாய்ச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். ஹீற்றரை நிப்பாட்டு என்றேன். "நீங்கள் இருக்குமட்டும் எரியட்டும்" என்று தேத்தண்ணி தந்தாள்.

போட்டு வாறன் என்று வெளியே வந்தேன். கதவு சாத்தியதும் உள்ளே ஹீற்றர் சுவிட்சை அவள் நிப்பாட்டுகிற சத்தம் கேட்டது. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு காருக்கு நடந்தேன்.